பிரித்துக் கற்ற பேரறிஞர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை, கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைக் கடந்தவுடன் வளைந்து வளைந்து மேல்நோக்கிச் செல்கின்றது. ஒருபுறம் வானளாவிய மலைச்சுவர். மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. அப்பாதையில் இக்காலத்துப் புதிய ஊர்திகளோடு, பல்லாண்டுகளுக்கு முன்னர்ச் செய்யப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவும் ஏறிவருதலைக் காணலாம். திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிலகத்தில் உருவான பழைய என்பீல்டு புல்லட்டும், மைசூரில் 1996-ஆம் ஆண்டு வரையில் இயங்கிய தொழிலகத்தில் செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி ஆகிய வண்டிகளும் நீலகிரியின் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே இன்றும் முழங்கிச் செல்கின்றன.

இப்பழைய வண்டிகளை வைத்துப் பேணுவது எளிய செயல் அன்று. மலையில் உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றின் செறிவு சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, கோயம்புத்தூரில் செம்மையாக ஓடிய வண்டி, உதகையை அடையும்போது பெட்ரோல் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் கரும்புகை கக்கித் திணறும். அப்போது அதன் கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்துதல் வேண்டும். இதனை அறிந்தவன் மலையேறுவான். அறியாதவன் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பான். பழைய பொறியை ஆள விரும்புபவன் அதன் உள்ளமைப்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

ஒரு பொறியை விலைகொடுத்து வாங்கியதனால் மட்டும் அது நம்முடையது ஆகிவிடுமா? அதனைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பின் தொழிலையும் உணர்ந்து, மீண்டும் பூட்டி இயக்க வல்லவனுக்கே அது முழுதும் உரியதாகும். நூறாண்டுகளுக்கு முன்னரே இவ்வுண்மையைத் தம் கைகளால் நிலைநாட்டிய ஒருவர், நீலகிரியின் அடிவாரத்தே பரந்து கிடக்கும் கோவை நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜி. டி. நாயுடு என்று மக்கள் அன்புடன் அழைத்த கோபாலசாமி துரைசாமி நாயுடு ஆவார்.

இளமை

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் உழவுத் தொழில் புரிந்துவந்த குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். அவருடைய தந்தையார் கோபாலசாமி நாயுடு. தாயன்பைத் துய்க்கும் பேறு அக்குழந்தைக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. அன்னையார் அவருடைய இளமையிலேயே மறைந்தார்.

துரைசாமியைப் பள்ளிக்கு அனுப்பினர். ஆயினும், ஓரிடத்தில் அமர்ந்து ஒப்பித்துப் படிக்கும் முறை அச்சிறுவனுடைய உள்ளத்தைப் பிணிக்கவில்லை. சில வகுப்புகளோடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. பின்னர் அவர் தம் நிலத்தில் உழவுப் பணிகளைக் கவனித்துக்கொண்டே, தமக்கு விருப்பமான நூல்களைத் தாமே படிக்கத் தொடங்கினார். பள்ளியை வெறுத்தவர் கல்வியை வெறுக்கவில்லை என்பதை இங்கு நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். எதனைக் கண்டாலும், இஃது எவ்வாறு ஆயிற்று, ஏன் இவ்வாறு ஆயிற்று என்று கேட்கும் இயல்பு அவரோடு உடன்பிறந்ததாகும். அவ்வினாக்களுக்கு விடை கூறும் ஆசிரியரை அவர் சிற்றூரில் காணவில்லை. விடை ஒருநாள் சாலையில் முழங்கிக்கொண்டு வந்தது.

சாலையில் வந்த வியப்பு

துரைசாமி ஏறத்தாழ இருபது வயது இளைஞராய் இருந்தபோது, வருவாய்த்துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஊர்திகளாக இருந்த அக்காலத்தில், இழுப்பதற்கு ஓர் உயிரும் இன்றித் தானே விரைந்தோடும் இரண்டு சக்கர வண்டியைக் கண்ட மக்கள் எத்துணை வியப்படைந்திருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வண்டி ரட்ஜ் என்னும் பெயருடையது; 1912-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. இங்கிலாந்து நாட்டில் கவன்றி என்னும் நகரத்தில் மிதிவண்டிகளைச் செய்து புகழ்பெற்றிருந்த தொழிலகம், மோட்டார் சைக்கிள்களையும் செய்யத் தொடங்கியிருந்த காலம் அது.

வண்டியைக் கண்டவர்கள் வியந்து நின்று, அது மறைந்ததும் தத்தம் வேலையை நோக்கிச் சென்றனர். துரைசாமியோ அவ்வாறு செல்லவில்லை. அவ்வண்டி அவருடைய உள்ளத்துள் ஓடத் தொடங்கிவிட்டது. அதில் ஏறி ஓட்டவேண்டும் என்னும் ஆசையினும், அஃது எவ்வாறு ஓடுகின்றது என்பதை அறியவேண்டும் என்னும் வேட்கையே அவரிடம் மேலோங்கி நின்றது. அவ்வண்டியைத் தாம் வாங்கியே தீர்வது என்று அவர் உறுதி பூண்டார்.

உழைப்பால் வந்த உடைமை

உறுதி எளிதிற் பிறந்துவிடும். பொருள் அவ்வாறு வந்துவிடாது. துரைசாமி கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்கு அமர்ந்தார். நிலபுலம் உடைய குடும்பத்தில் பிறந்த ஒருவர் பிறர்க்கு இலை போட்டு உணவு படைக்கும் வேலையை மேற்கொள்வதா என்று ஊரார் கருதக்கூடும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. நேர்மையான வேலை எதுவாயினும் அதில் இழிவில்லை என்பது அவர் கொள்கை. பெற்ற ஊதியத்தை வீண்செலவு செய்யாது சிறுகச் சிறுகச் சேர்த்தார். வேண்டிய அளவு பணம் சேர்ந்ததும், அவ்வதிகாரியிடமிருந்து அம்மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

அன்று வேறோர் இளைஞர் அவ்வண்டியைப் பெற்றிருப்பின் யாது செய்திருப்பார்? அதன் மேல் ஏறி அமர்ந்து ஊரார் காணுமாறு வலம் வந்திருப்பார். துரைசாமி செய்த செயல் வேறு. நெடுநாள் உழைத்துப் பெற்ற அவ்வண்டியை அவர் உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்.

பிரித்தலும் பூட்டுதலும்

அச்செயலில் அடங்கியிருந்த துணிவை நாம் உணர வேண்டுமாயின், அக்காலத்து மோட்டார் சைக்கிளின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம்.

அவ்வண்டிகளின் நடுவே உருளை எனப்படும் சிலிண்டர் ஒன்று நிற்கும். அதனுள்ளே உந்துதண்டு எனப்படும் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும். கார்புரேட்டர் பெட்ரோலை நுண்துளிகளாக்கிக் காற்றோடு கலந்து உருளைக்குள் அனுப்பும். உந்துதண்டு அக்கலவையை அழுத்த, உரிய நொடியில் பிளக்கின் முனையில் மின்பொறி தோன்றி அதனை எரிக்கும். எரிந்து விரிந்த வளி உந்துதண்டைக் கீழ்நோக்கித் தள்ளும். அத்தள்ளுதலே சுழற்சியாக மாறிச் சக்கரத்தை அடையும். மின்பொறியைத் தருவதற்கு இக்காலத்து வண்டிகளில் உள்ளதுபோன்ற மின்கல அடுக்கு அன்று இல்லை. காந்தத்தைக்கொண்டு மின்சாரம் ஆக்கும் மாக்னீட்டோ என்னும் கருவியே அதனைத் தந்தது. பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்கு மாறாக வார்ப்பட்டையே இருந்தது. எண்ணெயையும் ஓட்டுபவரே சிறு பம்பினைக் கையால் அழுத்தி அவ்வப்போது பொறிக்குள் செலுத்துதல் வேண்டும். மறந்தால் உந்துதண்டு உருளையோடு இறுகிப் பற்றிக்கொள்ளும்.

இவ்வுறுப்புகளுள் ஒன்று பிறழினும் வண்டி இயங்காது. வளியை உள்ளே விடுவதும் வெளியே போக்குவதும் ஆகிய இரண்டு வால்வுகளும் உந்துதண்டின் இயக்கத்திற்கு ஏற்ப உரிய நேரத்தில் திறந்து மூடுதல் வேண்டும். அவற்றை இயக்கும் பற்சக்கரங்களைத் திரும்பப் பூட்டும்போது ஒரே ஒரு பல் மாறிப் பொருந்தினும் காலம் தவறிவிடும். பொறி முக்கும், முனகும், ஓடாது. ஒரு மறையை அளவிற்கு மேல் முறுக்கினால் புரி அழியும். குறைவாக முறுக்கினால் ஓட்டத்தில் கழன்று விழும். பிரிப்பதற்குக் கைவலிமை போதும். பூட்டுவதற்கோ நினைவும் ஒழுங்கும் பொறுமையும் வேண்டும். பழைய வண்டிகளைத் தம் வீட்டிலேயே செப்பனிடும் பழக்கமுடையோர், கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியின்மேல் பரப்பி வைப்பதும், பற்சக்கரங்களில் முன்கூட்டியே அடையாளம் இடுவதும் இதன்பொருட்டேயாகும்.

துரைசாமிக்கோ இவற்றைச் சொல்லித்தரும் பயிற்சிப் பள்ளி இல்லை. உறுப்பொன்று முறிந்தால் மறுநாளே வாங்கிப் பொருத்தத்தக்க கடைத்தெருவும் அன்று இல்லை. திரும்பப் பூட்ட இயலாதுபோயின், இலை போட்டும் எச்சில் துடைத்தும் ஈட்டிய பொருளெல்லாம் வெறும் இரும்புக் குவியலாய் முன்னே கிடக்கும். அவ்விழப்பை எண்ணி அவர் அஞ்சவில்லை. அறிவைப் பெறுவதற்கு அதனை உரிய விலையாகவே கருதினார் போலும்! பிரித்த வண்டியை அவரே மீண்டும் பூட்டினார். அது முன்போல் இயங்கிற்று.

அன்று அவர் பெற்றது ஒரு வண்டி மட்டும் அன்று. மனிதன் செய்த பொறி எதுவாயினும், மற்றொரு மனிதன் அதனைப் பொறுமையோடு ஆராய்ந்தால் அறிந்துகொள்ளலாம் என்னும் நம்பிக்கையைப் பெற்றார். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அந்நம்பிக்கையின் விரிவேயாகும்.

ஒற்றைப் பேருந்தின் உரிமையாளர்

பொறிகளைச் செப்பனிடும் தொழிலில் தேர்ந்த துரைசாமி, வாணிகத்திலும் ஈடுபட்டார். திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்து பொருள் ஈட்டினார். பின்னர்ப் பம்பாய் சென்று பஞ்சு வாணிகத்தில் ஈட்டியதை இழந்தார். இழந்த பொருளுக்காக அவர் சோர்ந்து அமரவில்லை. தம் கைகள் கற்ற தொழில் தம்மைக் கைவிடாது என்று தெளிந்து, மீண்டும் கோயம்புத்தூரை அடைந்தார்.

அக்காலத்தில் கோவை நகரில் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெருமகனார் வாழ்ந்தார். நீலகிரியின் காப்பி, தேயிலைத் தொழில்களிலும், கோவையின் பஞ்சாலைத் தொழிலிலும் முன்னோடியாக விளங்கியவர் அவர். குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் உள்ளன. அவருடைய நிறுவனம் மோட்டார் வாணிகமும் நடத்திவந்தது. துரைசாமியின் திறமையையும் நேர்மையையும் அறிந்த ஸ்டேன்ஸ், அவர் பேருந்து ஒன்றை வாங்குதற்குக் கடன் அளித்து உதவினார். பிணையாகக் காட்டுதற்குப் பெருஞ்செல்வம் இல்லாத ஒருவருக்கு அவருடைய கைத்திறனே பிணையாக நின்றது.

1920-ஆம் ஆண்டில் அப்பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. அதன் உரிமையாளர், ஓட்டுநர், செப்பனிடுபவர் ஆகிய அனைவரும் துரைசாமி நாயுடு ஒருவரே. ஒன்று பலவாகி, சில ஆண்டுகளில் யூனிவர்சல் மோட்டார் சர்வீசு என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. யு. எம். எஸ். என்ற மூன்றெழுத்துகள் கொங்கு நாட்டு மக்களின் நாவில் பயின்றன. பேருந்து பழுதுற்றால் அதனை எங்கோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அவர் வழக்கம் அன்று. பழுது எங்குள்ளது, எதனால் உற்றது, மீண்டும் வாராமல் தடுப்பது எவ்வாறு என்று ஆராய்ந்து திருத்துவதே அவர் முறை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்ற பாடம் பேருந்துகளுக்கும் பயன்பட்டது.

கண்டுபிடிப்புகள்

பிறர் செய்த பொறிகளை அறிந்துகொண்டவர், நாளடைவில் தாமே பொறிகளைப் படைக்கத் தொடங்கினார். 1937-ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். நம் நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. கிணற்று நீரை மாடு பூட்டி இறைத்த கொங்கு நாட்டு உழவர்களுக்கு மின்மோட்டார் எத்தகைய மாறுதலைத் தந்தது என்பதை நாம் அறிவோம். மோட்டாருக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் பெற்றுள்ள புகழுக்கு அன்று இடப்பட்ட கால்கோளும் ஒரு காரணமாகும்.

அவர் மேலை நாடுகளுக்குப் பன்முறை சென்றுவந்தார். சென்ற இடமெல்லாம் தொழிற்சாலைகளையே ஆர்வத்துடன் கண்டார். ஒளிப்படக் கலையிலும் திரைப்படக் கருவிகளிலும் அவருக்கு மிகுந்த நாட்டம் இருந்தது. 1936-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் சியார்ச்சு மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் அவரே படம் பிடித்தார்.

உலர் மின்கலத்தால் இயங்கும் ராசன்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, ஒளிப்படக் கருவிக்குத் தொலைவைச் சரிப்படுத்தும் அமைப்பு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, தில்லுமுல்லுக்கு இடமளிக்காத வாக்குப் பதிவுப் பொறி முதலியன அவருடைய படைப்புகள் ஆகும். 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்து தர இயலும் என்று அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. உழவுத் துறையையும் அவர் விடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை உண்டாக்க முயன்றார். அவருடைய பண்ணையைச் சர் சி. வி. இராமன், சர் விசுவேசுவரய்யா போன்ற பேரறிஞர்களும் கண்டு சென்றனர்.

இப்படைப்புகள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை எளிய மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுவன. குறைந்த விலையில் கிடைத்தற்கு உரியன. அறிவு சிலருடைய பெட்டிக்குள் அடங்கிக் கிடத்தல் ஆகாது என்பது அவர் எண்ணம்.

கல்லாதவர் நிறுவிய கல்லூரி

1944-ஆம் ஆண்டில் நாயுடு தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் பொருள் வழங்குவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டில், சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப் என்பவர் பெயரால் தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் கோயம்புத்தூரில் தோன்றுதற்கு நாயுடுவின் கொடையும் முயற்சியும் காரணமாயின. சில வகுப்புகளே படித்த அவர், அக்கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார்.

அங்கும் அவருடைய பழைய பாடம் தலைகாட்டிற்று. பொறியியற் படிப்பிற்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. கைத்தொழிலோடு இணைத்து முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்று அவர் வாதாடினார். அரசு அக்கருத்தை ஏற்கவில்லை. தாம் உண்மை என்று நம்பியதை விட்டுக்கொடுத்துப் பதவியில் நீடிக்க விரும்பாத நாயுடு, முதல்வர் பொறுப்பைத் துறந்தார்.

அவர் கருத்து முழுதும் சரியா என்பது குறித்து அறிஞர்களிடையே வேறுபாடு இருக்கலாம். கணிதமும் இயற்பியலும் ஆழ்ந்து கற்பதற்குக் காலம் வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும், ஸ்பானரைக் கையால் தொடாமலே பொறியியலில் பட்டம் பெறுதல் தகுமா என்று அவர் எழுப்பிய வினா இன்றும் விடை வேண்டி நிற்கின்றது. அன்று தோன்றிய கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் இன்று வேறோர் இடத்தில் சிறந்து விளங்குகின்றது. அது முதலில் இருந்த அவிநாசிச் சாலைப் பகுதியையோ மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர்.

நிறைவேறாத கனவு

பெரியோர் வாழ்விலும் எல்லா முயற்சிகளும் கைகூடுவதில்லை. 1952-ஆம் ஆண்டில் நாயுடு, இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். அதனை 2,000 ரூபாய் விலைக்குத் தர இயலும் என்று கணக்கிட்டார். நடுத்தரக் குடும்பத்தினரும் கார் வைத்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அதனைப் பெருமளவில் செய்வதற்குரிய உரிமம் அவருக்கு வழங்கப்படவில்லை. கார் உருவாயிற்று, சாலைக்கு வரவில்லை.

ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய இளைஞர், நாற்பது ஆண்டுகளுக்குள் முழுக் காரையே படைக்கும் நிலைக்கு உயர்ந்தார் என்பது வியப்புக்குரியது. அக்கார் மக்களை அடையாமற் போனது வருந்தத்தக்கது. ஆயினும், தம் கைத்திறனின் எல்லைக்கு உட்பட்ட அனைத்தையும் அவர் செய்து முடித்தார். திருவள்ளுவர் வினைத்திட்பம் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்துப் போற்றிய உள்ள உறுதிக்கு அவர் வாழ்வு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

புகழுடம்பு

தம் முதுமையிலும் நாயுடு ஓய்ந்திருக்கவில்லை. தாம் கண்டனவும் படைத்தனவும் இளைஞர்களுக்குப் பயன்படல் வேண்டும் என்று விரும்பி, 1967-ஆம் ஆண்டில் தொழிலாளர் நலத்திற்கென ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். கோயம்புத்தூரில் நிலையான தொழிற் பொருட்காட்சி அமைவதற்கும் வழிசெய்தார். 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் 2015-ஆம் ஆண்டில் பழைய கார்களின் அருங்காட்சியகம் ஒன்றைக் கோயம்புத்தூரில் திறந்தனர். அறிவியலாரும் தொழிலாளரும் பள்ளிச் சிறுவரும் ஒருசேரக் கண்டு கற்கும் இடமாக அது விளங்குகின்றது. 2025-ஆம் ஆண்டில் அவிநாசிச் சாலையில் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்திற்கும் ஜி. டி. நாயுடு என்னும் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அதன்மீது நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிள்களை எண்ணி முடியாது. அவற்றை ஓட்டுவோருள் எத்தனை பேர் தாம் அமர்ந்திருக்கும் பொறியின் உள்ளமைப்பை அறிவர்?

மாணவர்களே! நாயுடு பள்ளியை விட்டு நீங்கினார் என்பதைக் கொண்டு, பள்ளிக் கல்வி வேண்டா என்று கருதிவிடாதீர்கள். கற்பதற்கு வாய்ப்பின்றித் தாமே வழி தேடிய அவர், பிறர்க்கு அவ்விடர்ப்பாடு வாராதிருக்கவே கல்லூரியும் பொருட்காட்சியும் அமைத்தார். நாம் அவரிடத்தில் கற்க வேண்டுவது வேறு. நூலில் படித்ததைக் கையால் செய்து பார்த்தல் வேண்டும். கையால் செய்ததற்குரிய காரணத்தை நூலில் தேடிக் காணுதல் வேண்டும். பழுதுற்ற பொருளை உடனே எறிந்துவிடாது, பெரியோர் துணையோடு அதனைத் திறந்து பாருங்கள். மிதிவண்டியின் சங்கிலி ஏன் கழல்கின்றது, தையற்பொறியின் நூல் ஏன் அறுகின்றது என்று ஆராயுங்கள். கழற்றிய ஒவ்வொரு மறையையும் வரிசையாக வையுங்கள். திரும்பப் பூட்டும் வரையில் எழுந்திராதீர்கள்.

பிரித்ததைப் பூட்டி முடிக்கும் பொறுமையே ஒரு சிற்றூர் இளைஞரைப் பேரறிஞராக உயர்த்திற்று. அப்பொறுமையை விலைகொடுத்து வாங்க இயலாது; பழகியே பெறுதல் வேண்டும்.